சாவடி எடுத்தபிறகு ஒரு செல்

1

பள்ளிப் பிள்ளைகளுக்காக உயிரணுவை, அதாவது செல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் தனிஸ்லாஸ் என்ற வாத்தியார் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கட்டுரை அதோடு சரி.

2

தொடக்கம்: புதுச்சேரியில் அன்று மழை— (வேண்டாம். மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை.)

தொடக்கம்: 1955. பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில மாதங்கள். அதுவரை பிரெஞ்சில் பாடம் நடத்திய தனிஸ்லாஸ் இனித் தமிழில் நடத்த வேண்டும். நாளை மதராஸ் அதிகாரி ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிலைக்கும்.

(முதல் வரைவில் தனிஸ்லாஸின் மனைவி இறந்துவிட்டிருந்தாள். ஒத்திகை கேட்க வீட்டில் ஆளில்லை, கதை நகரவில்லை. எனவே ரோசாவை உயிரோடு வைத்தேன். இப்போது அவள் வாயை மூட முடியவில்லை.)

3

அடுப்படி வாசலில் நின்று தனிஸ்லாஸ் ஒத்திகை பார்த்தார். "செல்லுன்னா ஒரு ஊரு. நடுவுல உட்கரு, அதான் கவர்னரு. மைட்டோகாண்ட்ரியா ஆலை பாய்லரு, சக்தி குடுக்கும். சுத்தியும் சவ்வு, அது சுங்கச்சாவடி. வேண்டியத விடும், வேண்டாதத நிறுத்தும்."

ரோசா மீனை அலசிக்கொண்டே கேட்டாள். "கவர்னருதான் கப்பலேறிட்டாரே?"

"உதாரணத்துக்குச் சொல்றேன்."

"சாவடியும்தான் எடுத்துட்டாங்க. போன வாரம் கோரிமேட்டு எல்லையில எவன் நம்ம மூட்டையப் பிரிச்சான்? உங்க செல்லு இந்நேரம் செத்திருக்கும்."

வருடக்கணக்காகச் சொல்லிவந்த உதாரணம். தனிஸ்லாஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இப்ப இன்னா பண்றது ரோசா?"

"நம்ம வூட்டச் சொல்லுங்க. இந்த அடுப்பு பாய்லரு. சவ்வு நானு. மீன்காரிய உள்ள விடறேன், உங்க அண்ணன வாசலோட அனுப்பறேன்."

"உட்கரு?"

"நீங்கதான். உள்ள குந்திக்கினு ஆர்டர் போடறீங்களே!"

(செல்லுக்குள் இருக்கும் கோல்கி உறுப்பை விட்டுவிட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் அறிஞர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோசாவைக் கேட்டிருந்தால், இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், அதுதான் உங்க அண்ணன் என்றிருப்பாள்.)

4

மறுநாள் கரும்பலகையில் வீடு. சவ்வு என் மனைவி என்றதும் வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தனிஸ்லாஸுக்குத் தெம்பு வந்தது. அண்ணனைக்கூட வரைந்தார், வாசலுக்கு வெளியே.

அதிகாரி எழுந்தார். "பிரமாதம் சார். ஒரே ஒரு கேள்வி. அந்தச் சவ்வு போயிட்டா செல்லுக்கு என்ன ஆகும்?"

5

முடிவு ஒன்று: "வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்," என்கிறார் தனிஸ்லாஸ். வகுப்பு மறுபடி சிரிக்கிறது. வேலை போகிறது.

முடிவு இரண்டு: சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சவ்வு போனா உள்ள இருக்கறதெல்லாம்—

(இதை எழுதி எழுதி அடிக்கிறேன்.)

சரியான பதில் ஒரு வரிதான். எனக்குத் தெரியும். எழுதுவதாக இல்லை; ரோசா இல்லாத வீட்டை முதல் வரைவிலேயே பார்த்துவிட்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். தனிஸ்லாஸ் என்னைப் பார்க்கிறார். நீங்களே அவர் காதில் சொல்லிவிடுங்கள், மனிதருக்கு வேலை நிலைக்கட்டும். மெதுவாகச் சொல்லுங்கள். ரோசாவுக்குக் கேட்க வேண்டாம்.