மூன்று விநாடிச் சிரிப்பு

துணி சேகரிக்க ஆரம்பித்த நான்காம் நாள் மதியம், கல்லூரி வாசலில் நாங்கள் போட்டிருந்த மேசைக்கு அந்த ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்கை வேப்பமர நிழலில் பார்த்து நிறுத்திவிட்டு வந்து, பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாலு வயதுப் பெண்குழந்தைக்கான கவுன்கள், ஐந்து. எல்லாம் புதுசு.

"பழசு கொடுத்தாலே போதும் சார்" என்றேன்.

"புள்ளைக்குப் பழச எப்பிடிம்மா போடுறது" என்றார்.

நான் ராஜபாளையத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு புராஜெக்ட் முடிந்ததும் அதில் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்பார் கல்பனா மேடம். மில்லில் ஷிப்ட் மாறும் நேரத்தைப் படம் எடுத்தபோது வெளிச்சத்தைப் பற்றி எழுதினேன். ரேடியோ நிகழ்ச்சி செய்தபோது, பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் வெட்டக்கூடாது என்று எழுதினேன். மூன்றாவது புராஜெக்ட், ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்கு ஆட்களைத் திரட்டும் ஒரு நிமிட வீடியோ. நானும் கௌதம்ராஜும் சேர்ந்து செய்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், மடவார்வளாகத்துக்கு முந்தின ஸ்டாப்பில், பெயர்ப்பலகை இல்லாத வீடு ஒன்று இருக்கிறது. புருஷன் அடி தாங்காமல் கட்டின துணியோடு வந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணி சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த வீட்டை நடத்துகிற ஞானபாக்கியம் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கைய எடு, கால எடு, முதுக எடு. மூஞ்சி மட்டும் வேண்டாம் பாப்பா."

அப்படித்தான் எடுத்தேன். கடைசி நாள், அங்கே தங்கியிருந்த பாண்டிசெல்வி அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காற்றில் ஈரச்சேலை முகத்தில் வந்து அறைய, அதை விலக்கிவிட்டுச் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மூன்று விநாடிதான் இருக்கும். எடிட்டிங்கில் கௌதம், "வேண்டாம் இந்து, அவிய அம்புட்டுச் சொன்னாவல்லா" என்றான். எனக்கும் அது தெரியும். ஆனால் அதை வெட்டிவிட்டுப் பார்த்தால் வீடியோ செத்துக் கிடந்தது. வெறும் கைகளைப் பார்த்து யார் பீரோவைத் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். துணி கொடுக்கக் கல்லூரி வாசலைத்தானே சொல்லியிருக்கிறோம், அந்த வீடு இருக்கிற ஊர் பேர் போடவில்லையே, ஒன்றும் ஆகாது என்று வைத்துவிட்டேன். மேடம் வகுப்பில் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. நெட்டில் போட்ட வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சேத்தூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும்கூட மூட்டை மூட்டையாகத் துணி வந்தது.

அந்த ஆள் நகரவில்லை.

"இத நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கலாமா? எங்கன இருக்கு அந்த வீடு?"

"வெளியாள உள்ள விடமாட்டாங்க சார். நாங்களே சேத்துருவோம்."

"அப்பிடித்தான் இருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார். "வீடியோ யாரு எடுத்தது?"

"நான்தான்."

"நல்லா எடுத்திருக்க. துணி காயப்போடுற பொம்பள ஒண்ணு சிரிக்கால்லா." கவுன்களின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "ஏழு வருசமா அவகூடக் குடும்பம் நடத்துனேன். ஒருநாள்கூட அவ அப்பிடிச் சிரிச்சதில்ல."

குரலில் கோபமே இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் வீடியோவை அழித்தேன். விரல் இரண்டுமுறை வேறெங்கோ பட்டது. ஞானபாக்கியம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கௌதம் சாக்கு வாங்கப் போயிருந்தான். மேசையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை. அவருக்கு அந்த இடம் தெரியாது என்பதும், தெரிந்தவள் நான்தான் என்பதும் ஊர் எல்லை தாண்டும்வரை எனக்கு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் அந்த பைக் வந்துகொண்டிருந்தது. முந்துவதற்கு இடமிருந்தும் முந்தவில்லை.

அப்போதுதான் ஞானபாக்கியம் அம்மா கூப்பிட்டார். சொன்னேன், அந்த மூன்று விநாடியையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இப்ப எங்க இருக்க?"

"பஸ்ல. பின்னாடியே வாராரு."

"நம்ம ஸ்டாப்புல எறங்காத. வீட்டுப் பக்கம் திரும்பியும் பாக்காத. நேரா பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டத்தோட நில்லு. நான் போலீசுக்குச் சொல்லுதேன். செல்வியையும் புள்ளையையும் வத்திராயிருப்புக்கு அனுப்பணும், அதுக்கு வண்டி வரணும். அரை மணி நேரமாவது வேணும் பாப்பா."

அந்த ஸ்டாப் வந்தது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். நான் கண்டக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கின் சத்தம் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. இறங்கியவர்களின் முகத்தை அவர் பார்க்கிறார் என்று பார்க்காமலே தெரிந்தது. விசில் கேட்டு பஸ் நகர்ந்தது. பைக்கும் நகர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் பைக்கைப் பூட்டினார். டீக்கடையில் நின்றார். பிறகு இரண்டு கையிலும் டீ கிளாஸோடு என்னை நோக்கி வந்தார்.

"குடிம்மா. மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு. எம்புட்டு நேரம்னாலும் நான் இருப்பேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

போன் பேசி முடித்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. கல்யாணக் குடும்பம் அவர்கள் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டது. கிளாஸை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அவரும் உட்கார்ந்தார்.

"உங்க பாப்பா பேரு என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் சொன்னார். அது பிறந்த கதையைச் சொன்னார், முதல் பல் முளைத்ததைச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும், ஒவ்வொரு ஆட்டோவையும், ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ சீக்கிரம் தீர்ந்துவிடாதபடி, உதட்டை நனைக்கிற அளவுக்கு மட்டும் உறிஞ்சி, கிளாஸை மடியில் இறக்கி, மறுபடி தூக்கினேன்.