சேக்காட்டு ஞானகுமாரி எழுந்திருக்கவில்லை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் பூந்தமல்லியில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஆவடி சேக்காட்டிலிருந்து அண்ணன் ஜேசுராஜின் சைக்கிளில் வந்திறங்கிய ஞானகுமாரிதான் அதில் ஒரே பெண். போட்டியை நடத்திய மணவாளன் முகம் சுளித்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் போய்விடுவாள் என்றுதான் சேர்த்துக்கொண்டார். அவளோ கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்தவன் மணவாளனின் மகன் சம்பத். ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அவள் தன்னுடையதை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள். பிரெஞ்சுத் தடுப்பு என்று சொல்லப்படும் தற்காப்பு ஆட்டம் அது. அவன் நடுப்பலகையை அடைத்துக்கொண்டான். அவளுடைய மந்திரி ஒன்று சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிக்கிக் கிடந்தது.

"இன்னா, கதவ சாத்திகினு ஊட்டுக்குள்ளயே கீற?" என்று சம்பத் சிரித்தான்.

அவள் அவனுடைய முன்னணிச் சிப்பாயைத் தாங்கி நின்ற சிப்பாயைப் பக்கவாட்டிலிருந்து தாக்கினாள். குதிரையும் ராணியும் அதன் மேலேயே பாய்ந்தன. அது விழுந்ததும் முன்னணியும் சரிந்தது. சாயங்காலத்தில் அவளுடைய சிப்பாய் ஒன்று கடைசி வரிசையை நெருங்கியிருந்தது.

மணவாளன் குறுக்கே வந்தார். "இருட்டிப் போச்சு. ரெண்டு பேரும் சமம். எழுந்திரும்மா."

"மாட்டேன். ஆட்டம் முடியல."

"பெரியவங்கள எதுத்தா பேசற?"

அவள் அசையவில்லை. "சமம்னு நானும் அவரும்தான் சொல்லணும். நீங்க ஆடலியே."

எல்லோரும் சம்பத்தைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது. "சும்மா இரு நைனா. அவ ஆடட்டும்."

ஜேசுராஜ் சைக்கிள் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து பலகையருகே பிடித்தான். கடைசி வரிசையை எட்டிய அவளுடைய சிப்பாய் ராணியானது. சம்பத் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்து வைத்தான்.

மணவாளன் பரிசுக் கோப்பையை எடுத்துத் தரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். ஞானகுமாரி தானே போய் எடுத்துக்கொண்டாள்.

"யாரு குடுத்தாங்கன்னு எடுக்கற?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

அவள் திரும்பினாள். "கூடாதுன்றவங்க வந்து உக்காருங்க. இப்பவே ஆடலாம்."

சம்பத் எழுந்துபோன எதிர் நாற்காலி காலியாகவே கிடந்தது.