வாங்கோ துரை

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள். அந்தப் பாயை இங்கால இழுத்துப் போடுங்கோ, கூதல் காத்து வருகுது. இன்றைக்கு ஒரு நாயை உலாத்தக் கூட்டிக்கொண்டு போன கதை சொல்லப் போகிறேன். ஒரே பின்னேரத்துக் கதைதான். நடுவில் ஒரு சாவும் வரும். பயப்படாதேயுங்கோ, சத்தம் போடாமல் வருகிற சாவு அது.

இராசமலர் சிரட்டையில் மண் கரைத்துக்கொண்டிருந்தாள். அளவெட்டித் தோட்டத்துச் செம்மண். லேஞ்சித் துணியில் முடிந்து, வவுனியா வரைக்கும் ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் கிடந்தவர் அவளுடைய அண்ணர் தில்லைநாதர். உயிர் பிரியாமல் இழுபடுகிறவருக்குப் பிறந்த மண்ணில் ஆசை நிற்கிறது என்பார்கள் அவர்களுடைய ஊரில். மண்ணைக் கரைத்து நாக்கில் விட்டால் ஆசை தீர்ந்து அமைதியாகப் போய்விடுவாராம்.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ. எங்கட தோட்டத்து மண்."

தில்லைநாதர் வாயைத் திறந்தார். விழுங்கினார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாது," என்றார்.

"தேத்தண்ணி எண்டு நினைக்கிறார்," என்று சொல்லி இராசமலர் மூக்கைச் சீறினாள்.

கட்டிலின் மற்றப் பக்கத்தில் மகள் விமலேஸ்வரி, வீட்டில் விமலா, பால் பேணியோடு இருந்தாள். அந்தப் பேணியை அவள் வேறு ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. தாய் செத்தபோது அவள் முள்ளியவளையிலிருந்து வந்த பஸ்ஸில் இருந்தாள். மழை வெள்ளத்தில் பஸ் இறுகிப்போய், இவள் வந்து சேர்ந்தபோது சுடலையில் சாம்பல் ஆறிவிட்டது. அம்மாவுக்குக் கடைசிப் பால் விட்டது அயல் வீட்டுக்காரி. ஐயாவுக்குத் தன் கையால்தான் என்று அவள் அன்றே நினைத்துக்கொண்டாள். தகப்பனுக்கு ஏலாது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே புருஷன் ஐயாத்துரையோடு வந்தவள், கட்டிலடியை விட்டு எழும்பியது சமைக்கக் குசினிக்கும் கிணற்றடிக்கும்தான். காலையில் பரியாரியார் நாடி பார்த்துவிட்டு, "பொழுதுபட முன்னம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே, வேப்பமரத்தில் கட்டியிருந்த நாய் அனுங்கியது. முந்தினநாள் தொடங்கி அனுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

"அந்தச் சனியனை அவிட்டுத் துரத்துங்கோ தம்பி," என்றாள் இராசமலர். "ஆக்கள் சாகிற வீட்டில நாய் அழக்கூடாது."

"அவிட்டாலும் போகுதில்லை மாமி," என்றான் விறாந்தையில் நின்ற ஐயாத்துரை. "விடியவும் இழுத்துப் பாத்தனான். வேலிப் படலையடியில படுத்திட்டுது. அடிச்சும் பாத்தன்."

தில்லைநாதரின் கை பாயில் எதையோ தேடியது. விமலா குனிந்தாள்.

"அது ஒண்டுக்குப் போகேல்லை," என்றார் அவர்.

"ஆர் ஐயா?"

"றோவர். முத்தத்தில போகாது. பழக்கம் அப்பிடி. குளக்கட்டுக்குக் கொண்டுபோகோணும்."

இராசமலர் சிரட்டையைக் கீழே வைத்தாள். ரயிலேறி வந்த மண் அதன் அடியில் படிந்து கிடந்தது.

நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தில்லைநாதர் எஞ்சினியர் துரையின் பங்களாவில் காவலுக்கு நின்றவர். துரை சீமைக்குப் போகும்போது நாயை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். தெருவில் அலைகிற கட்டாக்காலி நாய்களைச் சுட்டுத் தள்ளிய காலம் அது. ஆகையால் கழுத்தில் பட்டியும் கயிறுமாகத் தினமும் பின்னேரம் அதை உலாத்தக் கொண்டுபோவார். வேட்டியும் தோளில் சால்வையுமாக ஒரு மனிதர் கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு தண்டவாளக் கரையால் வருவதைப் பார்த்து ஊர் சிரித்தது. 'துரை வாறார்' என்றது. அவரும் சிரித்துக்கொள்வார். ஒரு நாளும் விட்டதில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இன்னொருக்கால் கொண்டுபோய்ப் பாருங்கோவன்," என்றாள் விமலா புருஷனிடம்.

"அவர் வெருட்டுவார், அது போகாது," என்றார் தில்லைநாதர் கண்ணைத் திறக்காமல். "நீ போ. வாங்கோ துரை எண்டு சொல்லு. மரியாதையாக் கேட்டால் வரும்."

"நாய்க்கு வாங்கோவோ?" இராசமலருக்கு அந்த நேரத்திலும் பொறுக்கவில்லை. "கூடப்பிறந்த என்னை ஒருநாள் வாங்கோ எண்டு கூப்பிட்டிருப்பியளே!"

அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ போகாதை பிள்ளை," என்று இராசமலர் விமலாவின் கையைப் பிடித்தாள். "பரியாரியார் சொன்னதைக் கேட்டனிதானே. பிறகு அழுது பிரயோசனமில்லை."

நாய் மறுபடியும் அனுங்கியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தகப்பனுடைய நெற்றி சுருங்குவதை விமலா பார்த்தாள். இவ்வளவு நேரமும் அதை மூச்சு வாங்குகிற வேதனை என்றே நினைத்திருந்தாள்.

"ஐயா," என்றாள் அவருடைய காதோடு. "நான் போட்டு வருமட்டும் இருப்பியளே?"

"ஓம். நீ போட்டு வா."

பேணியைப் பிடித்திருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். மாமி இராசமலரிடம் கொடுத்தாள். கொடுத்தபின்னும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நாய் நிலத்தில் தாடையை வைத்துக் கிடந்தது. கிழட்டு நாய். அவளுக்கு வெட்கமாக இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"வாங்கோ துரை."

அது எழும்பியது. உடம்பை உதறியது. படலையைத் தாண்டி அவளுக்கு முன்னால் நடந்தது.

தண்டவாளக் கரையோரம் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் கடைத்தெருவின் பின்புறங்கள்: சாக்குகள், வெற்றுப் பீப்பாக்கள், கழுநீர் வாய்க்கால். விமலா ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாய்க்கு அவசரமில்லை. ஒவ்வொரு தந்திக் கம்பத்தையும் மூக்கை வைத்து மணந்தது. மணந்துவிட்டு யோசித்தது. அவ்வளவு முட்டிக்கொண்டு நின்ற நாய் ஒரு கம்பத்திலும் காலைத் தூக்கவில்லை.

"இதில போங்கோவன் துரை," என்று கெஞ்சினாள். "இதுவும் கம்பம்தானே."

ரயில் கடவையைத் தாண்டியதும் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்கதவடியில் போய்க் குந்திவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. கடைக்கார நடராசா எட்டிப் பார்த்தான்.

"என்ன, துரை இண்டைக்கு லீவோ? துரைசாணியை அனுப்பியிருக்கிறார்!" என்றவன் அவள் முகத்தைக் கண்டதும் குரலை இறக்கினான். "நீங்கள் மகளே? குறை நினையாதேயுங்கோ. ஐயாவுக்கு என்ன மாதிரி?"

"இருக்கிறார். கெதியாப் போகோணும் அண்ணை. இது எழும்புதில்லை."

"பணிஸ் குடுக்காமல் எழும்பாது." உள்ளே போய்ப் பாதிப் பணிஸ் ரொட்டியோடு வந்தான். நாய் அதை வாங்கி, பல்லில்லாத பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் ஆறுதலாகச் சப்பியது. விமலா வானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் மஞ்சளாகவில்லை.

"உங்களைப் பற்றித்தான் இதில நிண்டு கதைப்பார்," என்றான் நடராசா. "மகள் முள்ளியவளையில நல்லா இருக்கிறாள், இந்த முறை வயல் விளைச்சல் நல்லதாம் எண்டு. எங்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

அவளுக்கு அதை நின்று கேட்க ஆசையாக இருந்தது. நேரம் இருக்கவில்லை. "வாங்கோ துரை, வாங்கோ," என்று கயிற்றைச் சுண்டினாள்.

குளக்கட்டில் காற்று அடித்தது. தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. கட்டின் கடைசித் தொங்கல் வரைக்கும் நாய் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குப் பக்கத்தில் ஒரு மருதமரம். அதை ஒருமுறை சுற்றி வந்தது. சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் காலைத் தூக்கியது.

மூத்திரம் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. துருசடியில் தேங்கிய தண்ணீரில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "குளம் நிரம்பப் போகுது தங்கச்சி," என்றார். விமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. ஐயாவுக்கு இதைச் சொல்ல வேண்டும். நிறையப் போச்சுது ஐயா, குளம் நிரம்பப் போகுது எண்டு ஓராள் பகிடி விட்டவர். அவர் சிரிப்பார். பேணியை மாமியிடமிருந்து வாங்கி ஒரு சொட்டு விடவேண்டும்.

திரும்பும்போது நாயும் வேகமாகத்தான் வந்தது. இருவருமாகக் கட்டால் இறங்கி, தேத்தண்ணிக் கடையைத் தாண்டி, கடவைக்கு வந்துவிட்டார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அறுந்துபோன ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எதிரே ஐயாத்துரை சைக்கிளில் வந்தான். அவளைக் கண்டதும் இறங்கினான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போட்டுது!" என்றாள் அவள் தூரத்திலேயே. "ஐயாட்டச் சொன்னீங்களே, நான் வாறன் எண்டு?"

அவன் சைக்கிள் மணியைப் பெருவிரலால் தடவினான். அது அடிக்கவில்லை.

"நாய் படலை தாண்டினாப் பிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது," என்றான். "அவர் காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தார். நெத்தியில சுருக்கம் ஒண்டும் இல்லை."

"இப்ப?"

"நான் தந்தி குடுக்கக் கந்தோருக்குப் போறன், விமலா. பூட்ட முன்னம் ஊருக்கு அடிக்கோணும்."

ஒரு மாட்டு வண்டி கடவையைக் கடந்து போனது.

"முதலே வந்து சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"வந்தனான். துருசடி மட்டும் வந்தனான். நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "திரும்பிப் போட்டன். நீ ஆறுதலா வா."

சைக்கிள் கடைத்தெருப் பக்கம் திரும்பியது.

விமலா மற்றச் செருப்பையும் கழற்றினாள். நாய் ஒரு தந்திக் கம்பத்தடியில் நின்று மணந்துகொண்டிருந்தது. மூக்கைப் புல்லுக்குள் விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது. அவள் கயிற்றை இழுக்கவில்லை. அது அடுத்த கம்பத்துக்குப் போனபோது அவளும் போனாள். வழியில் வந்தவர்கள் விலகிப் போனார்கள். அது மணந்து முடியும்வரைக்கும், வெயிலில், வெறுங்காலோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவுதான் பிள்ளையள். எழும்பிப் போங்கோ, வீட்டில் தேடுவார்கள். உங்கட வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் போகிற எல்லாரும் சுகமாய்த் திரும்பி வரட்டும். உங்கட படலைக்குள் அண்டி நிற்கிற வாயில்லாச் சீவனுக்கும் வயிறு நிறைந்து கிடக்கட்டும்.