ஒன்பதில் எட்டு

அச்சை உருவியதும் சைக்கிளின் பின்சக்கரத்துக் குடத்துக்குள்ளிருந்து கருத்த கிரீஸோடு வழிந்து விழுந்த குண்டுகளில் ஒன்று, உடைத்த கடலை மாதிரி இரண்டு பாதியாகக் கிடந்தது. தனிஸ்லாஸ் அதைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக, மணல் மணலாக இருந்தது. வியாழக்கிழமை அவன் கையாலேயே போட்ட புதுக் குண்டு அது. தேய்ந்த எட்டுக்கு நடுவில் அது மட்டும் பளபளவென்று இருந்ததைப் பார்த்து, இனி இந்தச் சக்கரத்துக்கு ஒரு குறையும் வராது என்று பாவாடையிடம் சொல்லி அனுப்பியிருந்தான். மறுநாளே அரியாங்குப்பம் தாண்டி சக்கரம் இறுகி, மீன் கூடைகளோடு பாவாடை ரோட்டில் உருண்டான்.

"மீனு கெடந்த கெடப்பப் பாத்துட்டு, அந்த ஊரு பூனையெல்லாம் எனக்குக் கோயிலு கட்டப் போவுதாம் மேஸ்திரி," என்றான் பாவாடை. முழங்காலில் கட்டியிருந்த துணியில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் கை வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தத் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு. தேங்காய்த்திட்டிலிருந்து தவளக்குப்பம் சந்தைக்குப் பன்னிரண்டு வருஷம் மீனைக் காவடியில் சுமந்த தோள். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் இந்தப் பழைய சைக்கிளை வாங்கிய பிறகுதான் அதற்கு ஓய்வு.

"மீன் மொதலாளி தெய்வசிகாமணி என்னா சொன்னாரு?"

"நாளைக்கு விடியறப்ப சைக்கிளோட வந்து நிக்கணுமாம். இல்லன்னா கூடைய கோவிந்தராசுக்குக் குடுத்துடுவாரு. அவன் சைக்கிளு புதுசு. குடுத்தாருன்னா குடுத்ததுதான்." தோளிலிருந்து கையை எடுக்காமல், "இந்த வயசுல திரும்பக் காவடி தூக்க முடியாது மேஸ்திரி," என்றான்.

முத்தியால்பேட்டையில் இருந்த சைக்கிள் மேஸ்திரிகளில் தனிஸ்லாஸ் பேர் எடுத்தவன். அவனுக்கு இப்போது புரிந்தது. பழைய எட்டும் ஓடி ஓடி மயிரிழை தேய்ந்திருந்தன. புதியது மட்டும் உயரமாக நின்றது. எட்டு பேர் சும்மா கூட நடந்திருக்கிறார்கள், ஒருத்தன் தூக்கியிருக்கிறான். பாரம் தாங்காமல் பிளந்து, பக்கத்தில் இருந்த மூன்றையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மிச்சம் ஐந்து. ஒன்பதுமே புதிதாகப் போட்டால் தீர்ந்தது. ஆனால் கடையில் கடைசியாக இருந்ததே அந்த ஒரு குண்டுதான், மற்றதெல்லாம் இனிமேல் கப்பலில் வர வேண்டும். கடலூருக்குப் போகலாமென்றால் இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்காது.

அவனிடம் ஒரு பிஸ்கோத்து டப்பா இருந்தது. ஏழு வருஷமாகக் கழற்றிப் போட்ட தேய்ந்த குண்டுகள், முந்நூறாவது இருக்கும், மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்தன. அந்த ஐந்தோடு ஒத்த நான்கு அதற்குள் இருக்கத்தான் வேண்டும். எது என்பதுதான் தெரியவில்லை. மூன்று நல்ல குண்டுகளைப் பரப்பி, நடுவில் ஒன்றை வைத்து, மேலே கண்ணாடித் துண்டை வைத்து ஆட்டிப் பார்த்தான். கண்ணாடியே நேராக இல்லை. ஒரே குண்டு இடம் மாற்றி வைத்தால் ஒரு தரம் பெரிது என்றது, ஒரு தரம் சிறிது என்றது. பூசை முடிந்து அவன் மனைவி ரோசா வீட்டுக்கு வரும் வரைக்கும் அவன் ஒன்றுகூடத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமயில வேல செய்யிற. சாமியாருகிட்ட நீயே சொல்லிக்க," என்றாள் ரோசா.

"நீ ஒல வெக்கப் போறதில்லியா?"

"அது வேலையா? அது வயிறு."

உலையை வைத்துவிட்டு வந்தவள், உட்கார இடம் வேண்டி, கோணியில் கிடந்த இரண்டு குண்டுகளை எடுத்து ஒதுக்கப் போனாள். போன கை நின்றது. இரண்டையும் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுற்று உருட்டினாள்.

"இது ரெண்டும் வேற வேற."

தனிஸ்லாஸ் சிரித்தான். அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்கு, சக்கரத்தில் மிச்சமிருந்த ஐந்து குண்டுகளையும் துடைத்து அவள் உள்ளங்கையில் போட்டான். "இது எப்படின்னு சொல்லு பாப்பம்."

அவள் குண்டுகளைப் பார்க்கவே இல்லை. தெருவில் போன மாட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டிரண்டாக உருட்டினாள். "நாலும் ஒண்ணு. இது ஒல்லி," என்று ஒன்றைத் தனியே வைத்தாள்.

தனிஸ்லாஸ் அந்த ஒன்றைக் கையில் எடுத்தான். போன வருஷம் இதே குடத்தில் ஒரு குண்டு காணாமல் போய், இதே டப்பாவிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் போட்டு மூடியிருந்தான். பாவாடையிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"எப்டி தெரியுது ரோசா?"

"நூலு மாதிரிதான். இருவதாம் நம்பரோட இருவத்திநாலாம் நம்பரு கலந்து வந்தா அறுந்துகிட்டே இருக்கும். ஆலையில வெள்ளைக்கார முசியே கண்ணாடி மாட்டிகிட்டுத்தான் பாப்பாரு. எங்களுக்கு எதுக்குக் கண்ணாடி?"

டப்பாவை அவள் முன்னால் நகர்த்தினான். அவன் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, அவள் உருட்டி உருட்டிப் போட்டாள். பெருசு. ஒல்லி. பெருசு. இது கோணல். அந்த விரல் நுனிகளைப் பதினொரு வருஷமாக அவனுக்குத் தெரியும். ரேகை ஒன்றும் இருக்காது. மகன் பிறந்ததைப் பதிய மேரி என்கிற நகராட்சி ஆபீசுக்குப் போனபோது, குமாஸ்தா மூன்று தரம் மையில் அமுக்கியும் வெறும் கறுப்புத்தான் விழுந்தது. நூல் அரித்து மரத்துப்போன கை என்று அன்று பரிதாபப்பட்டிருந்தான். ராத்திரியில் எண்ணெய்கூடத் தேய்த்துவிட்டிருக்கிறான். இப்போது அவன் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டாத ஒன்றை அந்தக் கை எடுத்து எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தது. துடைப்பதை மறந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உலை கொதித்து மூடி தட்டியது. யாரும் எழவில்லை.

நடுவில் பாவாடை சத்தமில்லாமல் கழித்துப் போட்டதிலிருந்து ஒன்றை எடுத்துக் கலந்துவிட்டான். நாலு குண்டு தள்ளி அது அவள் விரலுக்குப் போனது.

"தூக்கிப் போட்டத எதுக்குண்ணே திரும்பப் போடற? பள்ளிக்கூடத்துப் பிள்ளையா நீ?"

பாவாடை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

டப்பா காலியானபோது நான்கு கிடைத்திருந்தன. முன்னே ஒத்துப்போன நாலோடு சேர்த்து எட்டு. அடியில் படிந்த சேற்றைக்கூட வழித்துப் பார்த்தாயிற்று.

"கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாக்கூட ஒண்ணு குடு," என்றான் தனிஸ்லாஸ்.

"இல்ல."

"ஒம்போது ஓடற எடத்துல எட்ட எப்படி வுடறது?"

"எங்க வரிசையில ஒருத்தி வர்லேன்னா மத்தவங்க சேத்து இழுத்துடுவோம்யா. கோளாறா ஒருத்தி வந்து நின்னாத்தான் மெஷினே நிக்கும்." சோற்றைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

எட்டையும் கிரீஸில் பதித்தான். ஒரு இடம் பல் போன வாய் மாதிரி இருந்தது. அச்சை இறுக்கி, சைக்கிளைத் தலைகீழாகவே வைத்துச் சக்கரத்தைச் சுண்டினான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. நின்றுவிட்டது என்று நினைத்தபோது, வால்வின் அந்தக் கொஞ்சூண்டு கனத்துக்குக் கீழே இறங்கி, திரும்பி மேலேறி, மறுபடியும் இறங்கியது. பாவாடை தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

திங்கட்கிழமை விடியும்போது தனிஸ்லாஸும் தேங்காய்த்திட்டுக் கரைக்கு நடந்து போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கோவிந்தராசு தன் புதுச் சைக்கிளோடு தயாராக நின்றிருந்தான். தெய்வசிகாமணி பாவாடையின் முழங்காலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், கூடைகளைத் தூக்கி வைக்கச் சொன்னார். இரண்டாவது கூடை ஏறியதும் டயர் தரையில் பிதுங்கியது. பாவாடை இரண்டு எட்டு ஓடி ஏறினான். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றையும் தனிஸ்லாஸ் காதால் எண்ணப் பார்த்தான். காக்கைச் சத்தமும் கூடையிலிருந்து நீர் சொட்டுவதும் மட்டும்தான் கேட்டன. பாவாடை திருப்பத்தில் மறைந்தான். தவளக்குப்பத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட முழுத் தூரமும் இருந்தது.

ஆலைச் சங்கு ஊதியது. ரோசா இந்நேரம் உள்ளே போயிருப்பாள். காய்ந்துகொண்டிருந்த வலைக் குவியலிலிருந்து தனிஸ்லாஸ் இரண்டு பிசிறு நூல்களைப் பிய்த்து, விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினான்.

"என்னா மேஸ்திரி, காலங்காத்தால மூக்குப்பொடியா?" என்று கேட்டாள் மீன் கழுவிக்கொண்டிருந்த தனக்கொடி.

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடியும் உருட்டினான். அவன் விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.