அடங்கிய பிறகு ஆடும் போட்

யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. ஆனாலும், அடங்கிப்போன சின்னப் போட் தண்ணீர்த் தொட்டிக்குள் மறுபடி ஆடத் தொடங்கியது.

"பாத்தியாடா! திரும்பவும் எழும்புது!" கிணற்றடிக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த ஆதம்பாவா கத்தினார். நெஞ்சு வருத்தக்காரர் சத்தம் போடக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார்.

"மெல்லக் கதைங்க காக்கா," என்றான் தம்பி இப்றாஹிம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இங்கே சாரனை மடித்துக்கட்டித் தொட்டி விளிம்பில் குந்தியிருந்தான்.

குசினிக்குள்ளிருந்து ஆதம்பாவாவின் மனைவி மைமூனாவின் குரல் வந்தது. "வருத்தக்காரரும் வாத்தியாரும் சேந்து தண்ணியில விளையாடுற வயசா இது? கஞ்சி ஆறுது!"

விளையாட்டுத்தான், ஆனால் சும்மா விளையாட்டில்லை. சூறாவளிக்குப் பிறகு ஆதம்பாவா கட்டிய மெசின் போட் நன்றாக ஓடியது, நின்றால்தான் தொல்லை. ஒரு அலை தட்டினால் போதும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து சரிந்து ஓயவே ஓயாது. போன மாதம் வலை இழுக்கும்போது, அதில் தொழிலுக்குப் போகும் அவருடைய மருமகன் கடலுக்குள் விழுந்தான்; தலைமயிரைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். அடிப்பக்க வளைவில் இரு புறமும் நீளமாகப் பலகை அடித்தால், ஆடும்போது அது தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஆட்டத்தைக் களைக்க வைக்கும் என்பது ஆதம்பாவாவின் எண்ணம். ஆனால் அதே பலகை போட்டின் வேகத்தையும் பிடித்து இழுக்கும், டீசலைத் தின்னும். வெள்ளிக்கிழமை கழிந்ததும் போட் மறுபடி கடலில் இறங்குகிறது. அடிப்பதா, விடுவதா?

அதற்காகத்தான் இந்தச் சின்னப் போட். பெரியதில் ஒன்பதில் ஒரு பங்கு. நீளம் ஒன்பதில் ஒன்றானால் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் மூன்றில் ஒன்றாக வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அந்தத் தாளம் வரும்வரை இப்றாஹிம் ஈயக்கட்டிகளை உள்ளே இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தான். பாய்மரத்துக்குப் பதில் ஒரு தென்னை ஈர்க்கில். அதன் பின்னால் கோடு கீறிய அட்டை. ஒரே அளவுக்குச் சரித்துப் பிடித்து விட வேண்டும். ஈர்க்கிலின் வீச்சு பாதியாகக் குறையும்வரை எத்தனை ஆட்டம் என்று எண்ண வேண்டும். குறைவாக வந்தால் பலகை வேலை செய்கிறது.

எண்ணினால், ஒரு தடவை பலகை வென்றது. மறு தடவை வெறும் போட் வென்றது. அடங்கியது எழும்பி ஆடினால் எதை எண்ணுவது?

"பேய் பிடிச்ச போட்டு," என்றான் இப்றாஹிம்.

"பேயும் கணக்குக்குள்ளதான் வரும், வாத்தியார். இன்னொரு தரம் விடு. நான் எண்ணுறன்." மூச்சு வாங்கியது, கண்கள் பளபளத்தன. "எனக்குப் பொய் விட வேணாம். தெரியாட்டித் தெரியா எண்டு சொல்லு. ஆனா மருமகன் இறங்க முன்னம் சொல்லிப் போடு."

இப்றாஹிம் போட்டைச் சரித்து விட்டான்.

"ஒண்டு… ரெண்டு… மூணு…"

ஈர்க்கில் போய் வந்தது. நாலாவது ஆட்டம் முடிந்தது.

"எண்ணுங்க காக்கா."

ஐந்தாவதும் முடிந்தது. கண்ணை அட்டையை விட்டு எடுக்காமல் அவனே "அஞ்சு" என்றான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். ஆதம்பாவாவின் மூன்று விரல்கள் மடங்கியபடி இருந்தன.

கஞ்சிக் கோப்பையோடு வந்த மைமூனா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

*

லுஹர் தொழுகைக்கு முன் ஆதம்பாவாவின் உடலைக் குளிப்பாட்டினார்கள். சுற்றிவரச் சேலை கட்டி, பலகையில் கிடத்தி, தொட்டித் தண்ணீரைத்தான் அள்ளினார்கள். அள்ள அள்ளத் தொட்டி வற்றியது. சின்னப் போட் அடியில் ஒரு பக்கம் சரிந்து குந்திக்கொண்டது. அதைத் தூக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மையித்துக் குளிப்பாட்டும் பக்கீர் முகைதீன் வேலை தொடங்குமுன் பழைய பன்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, கிணற்றுக்கட்டுச் சுவரில் சரிவாகச் சாய்த்து வைத்திருந்தார். இப்றாஹிம் செம்பால் ஊற்றினான். காக்காவின் தோளைக் கழுவிய தண்ணீர் சீமெந்துத் தரையில் விரைந்து ஓடி, பாயில் ஏறி, அதன் கண்களுக்குள் புகுந்து, அப்படியே காணாமல் போனது. பாய் எட்டாத மூலையில் மட்டும் சுவரில் மோதி, மடங்கி, அவன் காலடிக்குத் திரும்பி வந்தது.

செம்பு அந்தரத்தில் நின்றது.

"ஊத்துங்க வாத்தியார். என்ன பாக்கிறீங்க?"

"தண்ணி… பாயில பட்டது திரும்பி வருதில்ல."

"அதுக்குத்தானே சாய்ச்சு வெச்ச? மையித்துத் தண்ணி நம்மட மேலில தெறிக்கப்படாதே."

இப்றாஹிம் தொட்டி அடியில் சரிந்து கிடந்த சின்னப் போட்டைப் பார்த்தான். போட் ஆடும்போது அதுவே அலை எழுப்புகிறது. அந்த அலை தொட்டிச் சுவரில் மோதித் திரும்பி வந்து அதையே தள்ளுகிறது. கடலில் சுவர் ஏது? வாயைத் திறந்து "காக்கா!" என்று கூப்பிடப் போனான். குனிந்து, செம்பை நிரப்பி, வலக்காலில் ஊற்றினான்.

*

அஸர் தொழுகைக்குப் பிறகு, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து வந்தவர்கள் கலைந்தார்கள். இப்றாஹிம் கிணற்றில் வாளியை இறக்கினான்.

மைமூனா, கணவனை இழந்தவள் அறைக்குள் இருக்கும் இத்தாவுக்குப் போயிருந்தாள். இனி மச்சான்மார் முன்னால் வரமாட்டாள். கிணற்றடியைப் பார்த்த சன்னலில் சேலை தொங்கியது. அதற்குப் பின்னால் அவளுடைய குரல் கேட்டது.

"தம்பி, என்ன செய்யிறீங்க?"

வாளி பாதியில் நின்றது. "தொட்டிக்குத் தண்ணி விடுறன், மதினி."

'இண்டைக்குமா?' என்று கேட்பாள் என்று காத்திருந்தான்.

"காலையில அந்தப் பாயப் பத்திக் கேட்டீங்களாம்," என்றாள். "பரீனா, வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள பழம்பாய் ரெண்டு கிடக்கு. சாச்சாக்கு எடுத்துக் குடு, மகள். வாப்பாட அறுந்த வலையும் அங்கதான்."

மகள் பரீனா அழுத முகத்தோடு கொண்டுவந்து போட்டாள். போகாமல் நின்று பாயின் ஒரு நுனியைப் பிடித்தாள். பாயையும் வலையையும் தொட்டிச் சுவரோரம் வைத்த பிறகு, தண்ணீர் கண்ணாடியாகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"விடப்போறன், மதினி."

"எனக்குக் கேக்க எண்ணுங்க."

அவன் உரக்க எண்ணினான். முதலில் வெறும் போட், பிறகு பலகையோடு. எண்ணி முடித்து, எழும்புகிறதா என்று பார்த்தபடி இருந்தார்கள். ஈர்க்கில் அசையவில்லை. மறுபடி விட்டான். அதே எண்ணிக்கை. இன்னொரு தரம். அதேதான்.

"மருமகனுக்கு என்ன சொல்ல?" என்று சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

இப்றாஹிம் சன்னல் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "ரெண்டு பக்கச் சுவரிலயும் பாயச் சரிச்சு, பின்னால வலைய அடைச்சா அலை திரும்பி வருதில்ல, மதினி. இப்ப எண்ணுற எண்ணிக்கை சரி. பலகை இல்லாம ஒம்பது ஆட்டம். பலகையோட நாலு. பலகைய அடிக்கச் சொல்லுங்க."