வரிசையில் முதல் ஆள்

எங்கள் கம்பெனியின் பெரிய கேட் லாரிகளுக்கும் மேனேஜர் காருக்கும் மட்டும்தான் திறக்கும். மற்ற ஜீவராசிகளுக்கு அந்தக் கேட்டிலேயே வெட்டி வைத்த ஒரு திட்டிவாசல் உண்டு. எவனாக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். நான் குனிய மறந்து, இடித்து இடித்து, புருவத்துக்கு மேலே நிரந்தரமாக ஒரு மேடு முளைத்துவிட்டது. லேத் ஆபரேட்டர் முனிராஜ் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மண்டை முனிராஜ் என்றால் ஓசூர் சிப்காட்டில் டீக்கடைக்காரர்கூடக் கை காட்டுவார்.

அந்த மேட்டால்தான் எண்பத்தாறாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு எனக்கு ஆதிமனிதன் வேஷம் கிடைத்தது. ஆனால் கதை என் மண்டையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திம்மப்பனின் முதுகுவரை போய்விட்டது.

திம்மப்பன் காஸ்டிங் இறக்கும் டெம்பரரி ஆள். வார்ப்பட ஆலையிலிருந்து லாரியில் வரும் இரும்புக் கட்டிகளைத் தோளில் ஏற்றி எங்கள் மெஷின்களுக்குக் கொண்டுவந்து போடுவது அவன் வேலை. சானமாவு காட்டை ஒட்டிய ஊர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். பல வருஷமாக டெம்பரரி. அவனுக்குப் பர்மனென்ட் ஆக ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: கம்பெனி பஸ். அது சரியாக அவன் ஊர் விலக்கில் நின்று போகும். பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான் ஏறலாம். இவன் ஷிப்ட் முடிந்து காட்டு வழியாக நடந்து போவான். அந்த வழியில் யானை வரும்.

"வந்தா ஓட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கண்ணா ஓடறது? சென்னம்மா தெனமும் சொல்றா. 'ஆனை வந்தா ஊரெல்லாம் ஓடும், நீ மட்டும் கும்புட்டுக்கினு நிப்பே'ன்னு."

சென்னம்மா அவன் மனைவி. அவள் சொன்னது கேலி இல்லை. திம்மப்பனின் முதுகு நிமிராது. இரும்பு சுமந்து சுமந்து இடுப்புக்கு மேலே அப்படியே வளைந்து இறுகிவிட்டது. இந்த விஷயம் கம்பெனியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. காரணம் எளிது. அவன் கையில் எப்போதும் ஏதாவது ஒரு பாரம் இருக்கும். வேலை இல்லாத நேரத்திலும் ஒரு கியர் கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பான்.

"சொமை தூக்கறவன் குனிஞ்சிருந்தா எவனும் ஏன்னு கேக்க மாட்டாண்ணா" என்பான்.

பூஜை முடிந்த மறுவாரம் பர்மனென்டுக்கான மெடிக்கல். அதற்கும் அவன் பயப்படவில்லை. எங்கள் கம்பெனி டாக்டர் பெங்களூரிலிருந்து வருபவர். நாற்காலியை விட்டு எழ மாட்டார், யாரையும் எழச் சொல்லவும் மாட்டார். உட்காரவைத்து நாக்கைப் பார்ப்பார், மூச்சை இழுக்கச் சொல்வார், கண்ணைப் பிதுக்குவார், அவ்வளவுதான். உயரத்தைக் கம்பவுண்டர் நம்மையே கேட்டு எழுதிக்கொள்வார். என் உயரம் அங்கே ஆறடி என்று இருக்கிறது. முதல் ஆளாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி ஆளாக எழுந்து வந்தால் போதும். யார் யாரை மெடிக்கலுக்கு அனுப்புவது என்பது மட்டும் ஃபோர்மேன் பெருமாளின் வாய் வார்த்தையில் இருந்தது.

இந்த இடத்தில்தான் மனித குல வரலாறு உள்ளே வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை தின்பதோடு முடியாது. கம்பெனியின் ஒவ்வொரு பிரிவும், ஷாப் என்போம், ஒரு லாரியை ஜோடித்து, அதன்மேல் வேஷக்காரர்களை நிறுத்தி ஊர்வலம் விடும். போன வருஷம் எங்கள் மெஷின் ஷாப் சிவன் பார்வதி போட்டுத் தோற்றுவிட்டது. பெயின்ட் ஷாப்பும் சிவன் பார்வதியே போட்டு, அவர்கள் சிவன் நிஜமாகவே நீல நிறத்தில் இருந்ததால் ஜெயித்துவிட்டது. இந்த வருஷம் புதிதாக ஏதாவது வேண்டும் என்று பெருமாள் கேட்டபோது, இன்ஸ்பெக்ஷன் ஜமீர் அகமது கை தூக்கினான்.

ஜமீர் கிருஷ்ணகிரிக்காரன். பி.எஸ்சி. விலங்கியல். வாத்தியார் வேலை கிடைக்காமல் எங்கள் கியர்களை அளந்து, சரியில்லாததற்குச் சிவப்பு பெயின்ட் வைத்துக்கொண்டிருந்தான்.

"குரங்கிலேர்ந்து மனுஷன் சார். அஞ்சு ஆளு, அஞ்சு கட்டம். ஆனா ஒண்ணு, எல்லாரும் படத்துல போடற மாதிரி கூன் போட்டு வரக்கூடாது. அது தப்பு. முப்பது லட்சம் வருஷம் முன்னாடியே நம்மாளு நிமிந்துட்டான். மூளை அப்ப இத்தனூண்டு. நிமிந்தது மொதல்ல, மூளை வளந்தது அப்பறம்."

மூளை வளர்வதற்கு முன்பே நிமிர்ந்துவிட்டார்கள் என்பதை நான் உடனே நம்பினேன். எங்கள் ஷாப்பில் தினமும் பார்ப்பதுதானே.

பெருமாள் கோயம்புத்தூர்க்காரர். "ஏனப்பா, மொத ஆளே நிமுந்து நின்னுட்டா எவன் கை தட்டுவான்? மொதல்ல நல்லா குனிஞ்சவன் வேணும். அப்பறம் ஒவ்வொருத்தனா நிமுத்து. கடைசில நம்ம யூனிபார்ம்ல ஒருத்தன்" என்று முப்பது லட்சம் வருஷத்தை ஒரே நிமிஷத்தில் திருத்தினார்.

ஜமீர் பெருமூச்சு விட்டான். ஆனால் ஆள் எடுக்கும் வேலை கிடைத்ததும் உற்சாகமாகிவிட்டான். சாப்பாட்டு இடைவேளையில் எங்களையெல்லாம் இன்ஸ்பெக்ஷன் ரூமில் வரிசையாக நிறுத்தி, கியர் அளக்கும் கருவிகளாலேயே அளந்தான். என் புருவத்தை வெர்னியரால் கவ்விப் பிடித்து, "அண்ணே, சன்ஷேடு மாதிரி இருக்குது! ரெண்டாவது கட்டம் உங்களுக்குத்தான்" என்றான். அது கேட் இடித்த வீக்கம் என்றேன். காதில் வாங்கவில்லை. கடைசிக் கட்டத்துக்கு எலெக்ட்ரீஷியன் வெங்கடசாமி. மீசையும் மார்பும் உள்ளவன்.

அப்போது திம்மப்பன் ஒரு கட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பெருமாள் அவனைப் பார்த்தார்.

"ஏப்பா, நீயும் சட்டையைக் கழட்டு."

அவன் என்னைப் பார்த்தான். கழற்றினான். ஜமீர் அவன் பின்னால் போய் நின்றான். அதற்குப்பின் ஜமீர் முகத்தில் வந்தது பக்தி.

"அடடடா! முனிராஜண்ணே, இங்க வாங்க. நம்ம முதுகெலும்பு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவும். இடுப்புக்கிட்ட உள்பக்கமா ஒரு குழி விழும் பாருங்க, அந்தக் குழிதான் நம்மள நிமித்தி வெச்சிருக்குது. இந்தாளுக்கு அது இல்லவே இல்ல! ஒரே வில்லு! மனுஷக் கொரங்குக்கு இப்பிடித்தான்!" என்று ஸ்டீல் ஸ்கேலை அவன் முதுகில் வைத்து, ஸ்கேலுக்கும் எலும்புக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினான்.

எல்லோரும் வந்து விரலை விட்டுப் பார்த்தார்கள். அவனால் நிமிரவே முடியாது என்று மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை.

"கை நல்லா தொங்குதுப்பா" என்றார் பெருமாள். "இவன்தான் மொத ஆளு. மேக்கப்பே வேண்டாம். ஒழுங்கா செஞ்சீன்னா மெடிக்கலுக்கு உன் பேரைச் சொல்லீடறேன்."

மாலை திட்டிவாசலருகே அவனைப் பிடித்தேன். "வேணாம் திம்மப்பா. வயித்து வலின்னு சொல்லிட்டு அன்னிக்கு வராத. ஜட்ஜு யாரு தெரியுமில்ல? அந்த டாக்டருதான்."

அவன் சிரித்தான். "கொரங்கு குனிஞ்சிருந்தா டாக்டரு என்னாண்ணா கேப்பாரு? பெருமாள் சாரு வாயால சொல்லிட்டாரு. ஆனை வழியில இன்னும் கொஞ்ச நாளுதான் நடக்கணும்."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். முழு ஊர்வலமும் குனிந்தே நிற்கலாம். அவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

பூஜையன்று காலை எங்களுக்குச் சாக்கு கட்டி, கிரீஸும் கரியும் பூசினார்கள். லாரி கிளம்பும் நேரத்தில் பெருமாள் ஏறி வந்தார். அவருக்கு இரவில் ஒரு யோசனை உதித்திருந்தது.

"கடைசீல கேட்டு முன்னால லாரி நிக்கும். நம்ம கம்பெனிச் சங்கு ஊதும். ஊதினதும் அஞ்சு பேரும் ஒண்ணா நிமுந்து, மெஷினைப் பாத்துக் கும்பிடறீங்க. கொரங்கையும் மனுஷனாக்கற கம்பெனி! எப்பிடி?"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் திம்மப்பனைப் பார்த்தேன். கிரீஸ் பூசிய முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சார், மொத ஆளு குனிஞ்சே இருக்கட்டுமே, அதான் அழகு" என்றேன்.

"நீ மண்டையைக் காட்டு, அது போதும்" என்றார்.

ஊர்வலம் பிரமாதமாகப் போனது. சிப்காட் ரோடு முழுக்க ஜனம். ஜமீர் மைக்கில் முழங்கிக்கொண்டே வந்தான். "பாருங்கள், மண்டை ஓட்டில் முதுகெலும்பு சேரும் ஓட்டை பின்னாலிருந்து அடிப்பக்கம் நகர்கிறது! பாருங்கள், காலின் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேருகிறது!" யாரும் ஓட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் திம்மப்பனைப் பார்த்தார்கள். அவன் கைகள் தொங்க, விரல் முட்டி லாரிப் பலகையில் உரச, வாழைப்பழம் வாங்கித் தின்று, குழந்தைகளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். இரண்டாவது கட்டத்து மூதாதையான என்னைப் பார்த்து ஒரு நாய் மட்டும் குரைத்தது.

கேட் முன்னால் லாரி நின்றது. பந்தலில் மேனேஜரும் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதியது.

மூன்றாவது ஆள் நிமிர்ந்தான். நான்காமவன் நிமிர்ந்தான். வெங்கடசாமி ஏற்கெனவே நிமிர்ந்திருந்ததால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். திம்மப்பன் குனிந்தே இருந்தான். என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். நானும் நிமிராமல் நின்றேன். இரண்டு பேர் குனிந்திருந்தால் அது ஏற்பாடு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"முனிராஜண்ணே, நிமிருங்க!" என்றான் ஜமீர் மைக்கில். ஜனம் சிரித்தது. ஒருவன் என்மேல் பொரியை விட்டெறிந்தான். பின்னாலிருந்து பெருமாள் என் சாக்கைப் பிடித்து இழுத்தார். நிமிர்ந்துவிட்டேன்.

இப்போது அவன் மட்டும்.

"திம்மப்பா, நிமிரு!"

பெயின்ட் ஷாப் பையன்கள் ஆரம்பித்தார்கள். "நிமிரு! நிமிரு!" ரோட்டுக்கு அந்தப் பக்கம் "நெட்டகெ நில்லோ!" என்று கன்னடத்தில் கிளம்பியது. "லேய், நிலபடுரா!" என்று தெலுங்கு சேர்ந்தது. மூன்று மொழியில் ஓர் ஊரே ஒரு முதுகைப் பார்த்துக் கத்தியது.

திம்மப்பன் முயன்றான். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, இடுப்பில் ஊன்றி மேலே தள்ளினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. முகம் மட்டும் கொஞ்சம் மேலே வந்தது. முதுகு வரவில்லை. வாய் திறந்து ஒரு சத்தம் வந்தது. நான் பக்கத்தில் நின்றதால் அது என்ன சத்தம் என்று தெரியும். ஜனத்துக்கு அது நடிப்பு. விசில் பறந்தது. பந்தலில் மேனேஜரே எழுந்து நின்று கை தட்டினார்.

முதல் பரிசு மெஷின் ஷாப்புக்கு. சிறந்த நடிகனுக்கு ஒரு எவர்சில்வர் குடம்.

டாக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார். குடத்தைக் கொடுத்து, தட்டிக்கொடுக்கிற மாதிரி அவன் முதுகில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. கட்டைவிரலால் ஒவ்வொரு எலும்பாகக் கீழே இறங்கினார்.

"ஏனப்பா, எத்தனெ வருஷமா இப்படி?"

"ஆக்டிங்கு சார்" என்றான் திம்மப்பன்.

"ஆக்டிங்கா? சரி. வேஷம் முடிஞ்சுதல்ல? சொல்ப நிமிந்து வாங்கிக்கோ."

அவன் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பழக்கம். வெறும் குடம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மறுவாரம் மெடிக்கலில் டாக்டர் அவனை உட்காரவே சொல்லவில்லை. சுவரோரம் நிற்கச் சொன்னார். பாரம் தூக்க லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஜமீர் இது தெரிந்ததும் துடித்துப்போனான். "நான் போய்ப் பேசறேண்ணே. நான்தான் அப்பிடி நடிக்கச் சொல்லித்தந்தேன்னு சொல்லிடறேன்" என்று டாக்டர் ரூமுக்குள் போனான். நானும் திம்மப்பனும் வெளியே காத்திருந்தோம். உள்ளே பேச்சு பலமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, முகமெல்லாம் வெளிச்சமாக, கையில் தடிமனான ஒரு புத்தகத்தோடு வந்தான்.

"அண்ணே, டாக்டருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது! முப்பது லட்சம் வருஷத்து ஆளுக்கே இடுப்புக் குழி இருந்துச்சாம், அந்தக் காலத்துப் பொம்பளை ஒருத்தியோட எலும்பைப் போட்டோவுல காட்டுறாரு. அவளும் நேரா நின்னிருக்கா! படிச்சிட்டு குடுன்னு புத்தகத்தையே குடுத்துட்டாரு."

"திம்மப்பன் விஷயம்?"

ஜமீர் புத்தகத்தைப் பார்த்தான், திம்மப்பனைப் பார்த்தான், மறுபடி புத்தகத்தைப் பார்த்தான். "மறந்தே போயிட்டேண்ணே."

திம்மப்பன்தான் அவனைச் சமாதானப்படுத்தினான். "போனா போவுது சார். அந்தம்மா கத நல்லா இருந்துச்சு."

பாரம் தூக்க லாயக்கில்லாதவனைக் கம்பெனி அன்றோடு நிறுத்தியது. அடுத்த மாதம் காஸ்டிங் இறக்கும் வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டார்கள். கான்ட்ராக்டர் யாருக்கும் மெடிக்கல் பார்ப்பதில்லை. திம்மப்பன் அதே லாரியில் அதே இரும்பை இறக்க வந்துவிட்டான், முன்பைவிடக் குறைந்த கூலிக்கு. எவர்சில்வர் குடத்தைச் சென்னம்மா விற்கச் சொன்னாளாம். அவன்தான் மறுத்துவிட்டான், யானை வந்தால் தட்டிச் சத்தம் எழுப்பலாம் என்று கையோடு எடுத்துப்போகிறான்.

நேற்றுகூட ஷிப்ட் முடியும் நேரத்தில் பின்னாலிருந்து பெருமாள் கூப்பிட்டார். "ஏப்பா திம்மப்பா, இந்த வருஷமும் நீதான் மொத ஆளு, ஞாபகம் இருக்கட்டும்!"

"ஆவட்டும் சார்."

சங்கு ஊதியது. திட்டிவாசலில் கூட்டம் முட்டியது. வெங்கடசாமி மீசையோடு குனிந்தான். ஜமீர் புத்தகத்தை அணைத்துக்கொண்டு குனிந்தான். நான் குனிய மறந்து மறுபடி இடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் திம்மப்பன், குடத்தோடு, இருந்தபடியே உள்ளிருந்து வெளியே நடந்து போனான். கம்பெனி பஸ் அவனைத் தாண்டிப் போயிற்று. நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, அவன் காட்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்தேன்.