நம்மூட்டுச் சளி

எண்பத்து மூன்றாம் வருஷத் தை மாதம், திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். ராகு காலம் முடியக் கால் மணி இருந்தது. அதுவரை நிச்சயதார்த்த வெற்றிலைத் தட்டை யாரும் தொடக்கூடாது.

மணப்பெண் சாரதாமணி கொண்டுவந்த காப்பியை மாப்பிள்ளையின் தாய் சென்னியம்மாள் எடுக்கவில்லை.

"எந்தெந்தச் சாதிக்காரன் சளியத் தொட்ட கையோ. மனசுல ஒண்ணுமில்லீங்க. கொமட்டுது, அவ்வளவுதான்."

சாரதாமணி சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி பெற்றுவந்தாள். ஆக்சிஜன் வைப்பது, மூச்சு இயந்திரத்தைக் கவனிப்பது, நெஞ்சில் கட்டிய சளியை வெளியே எடுப்பது. முடிய ஆறு மாதம் இருந்தது. புதன்கிழமை திரும்ப வேண்டும். தட்டு மாறினால் திரும்பக்கூடாது. மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை அது. அவள் அப்பா சுப்பையன் தலையாட்டியிருந்தார். சங்ககிரியில் போர்வெல் போடும் இரண்டு ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். தலையாட்ட அது போதும். அவளைக் கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா சின்னுசாமி ஊர் ஊராகப் போர் போட்டுப் புழுதி குடித்தவர். மீதி நெஞ்சைச் சுருட்டு தின்றிருந்தது. குலப் பெருமை சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பாதியில் இருமல் வந்தது. நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. சென்னியம்மாள் குலசாமியைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை தங்கராசு புதுச் சட்டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றான், மூக்கில் கைக்குட்டை. ராகு காலத்தில் வைத்தியம் தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

சாரதாமணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரை முன்னால் சாய்த்து, கைகளை முழங்காலில் ஊன்றவைத்தாள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொன்னாள். மூச்சு கொஞ்சம் பிடிபட்டதும் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டினாள். வெற்றிலை துப்ப வைத்திருந்த படிக்கத்தை வாயருகே ஏந்தினாள். சளி கயிறு கயிறாக விழுந்தது.

சின்னுசாமிக்குப் பேச்சு திரும்பியது. அம்முணி கை நல்ல கை என்றார்.

மணி ஒன்பது. சென்னியம்மாளுக்குக் குமட்டல் நின்றிருந்தது. காப்பியை எடுத்துக் குடித்தாள்.

"ஆஸ்பத்திரி எதுக்குங்க. மாமனை ஊட்டுலயே பாத்துக்கட்டும். நம்மூட்டுச் சளிதானுங்களே, அதுல என்ன தீட்டு?"

ஊரார் சளியைச் சம்பளத்துக்குத் தொட்டால் தீட்டு. வீட்டுச் சளியைச் சும்மா அள்ளினால் குடும்பப் பாங்கு. சுப்பையன் கண் கலங்கித் தட்டை எடுத்தார்.

சாரதாமணி படிக்கத்தோடு எழுந்தாள். அப்பா நீட்டிய தட்டைத் தாண்டி வாசலுக்குப் போய், படிக்கத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"உங்கப்பாரு சளிதானுங்க. கழுவிட்டு வாங்க. அப்பறம் தட்டு மாத்திக்கலாம்."